காற்றுக்கு வழிவிட்ட தட்டுகள்

மாஹிமில் குடியிருப்பவர்களுக்குக் காற்றைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் மிட்டி ஆற்றுக் கழிமுகம். மே மாதக் கடைசியில் மாடிக் கொடியில் காயப்போட்ட வேட்டி அடுத்த கட்டடத்துக்குப் போய்விடும். சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவுக்காக நாங்கள் கட்டிய துணிப் பேனர் இரண்டே நாளில் நடுவில் கிழிந்து தொங்கியது. மறு பேனர் எழுதித் தந்தவர் தாராவியில் இருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர். எழுத்தெல்லாம் காய்ந்த பிறகு பிளேடை எடுத்து, துணியில் அங்கங்கே பிறை வடிவத்தில் வெட்டிவிட்டார். புதுத் துணியை வெட்டுகிறாரே என்று நான் பதற, “காத்துகூட மல்லுக்கு நிக்க முடியுமா தம்பி? வழி விட்டா அது பாட்டுக்குப் போயிரும்” என்றார்.

உண்மையைச் சொன்னால் பிறை வெட்டு குறைக்கிற பாரம் கொஞ்சம்தான். துணியில் எத்தனை பங்கு திறக்கிறோமோ ஏறக்குறைய அந்தப் பங்குதான் குறையும். ஆனால் கொள்கை சரியானது. அதே கொள்கையை, ஒவ்வொன்றும் 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 ஆன்டெனாக்களில் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்த இடம் ஒன்று நம் மாநிலத்திலேயே, நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தில் இருக்கிறது. ஜி.எம்.ஆர்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி அது. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த, புனேயில் உள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையம் அதை நடத்துகிறது.

இதைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் “குறைந்த செலவில் இந்தியர்கள் கட்டியது” என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. அந்தத் தட்டுகளின் வடிவம் முதலில் காற்றோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை. செலவு குறைந்தது அதன் பலன். அந்த உடன்படிக்கையின் ஒரு பாதி கொலாபாவிலும் ஊட்டியிலும் புனேயிலும் எழுதப்பட்டது. மறு பாதி செம்பூரில் பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில், ட்ராம்பேயில் எழுதப்பட்டது. இந்த மறு பாதியை நம்மவர்களே மறந்துவிட்டோம். மும்பைத் தமிழர் வரலாறு என்று மலர்களில் எழுதும்போது கோயில், பள்ளிக்கூடம், அரசியல், சினிமா எல்லாம் வரும். மோட்டாரும் பல்சக்கரமும் வருவதில்லை.

ஒரு கலை என்பது எவ்வளவு

1993ல் சன் டி.வி. வந்தபின் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழ்க் குடும்பங்கள் கேபிள்காரர் வீட்டு வாசலில் நின்றது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் கட்டடத்து மொட்டை மாடியில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு வலைத் தட்டு இருந்தது. மழைக்கு முந்தைய காற்று ஒருநாள் அதைக் கொஞ்சம் திருப்பிவிட்டது. கண்ணால் பார்த்தால் தட்டு இருந்த இடத்தில்தான் இருந்தது. படம் மட்டும் போய்விட்டது. வெள்ளிக்கிழமைப் படம் போச்சே என்று மூன்று மாடிப் பெண்களும் அந்தக் கேபிள்காரரை ஒரு வழி பண்ணினார்கள். அவர் ஸ்பேனரோடு மேலே ஏறி, கீழே ஒரு பையனை டி.வி. முன்னால் நிறுத்தி, “ஆலா கா? ஆலா கா?” என்று மராத்தியில் கத்திக்கொண்டே தட்டை நூலிழை நூலிழையாக நகர்த்தினார். பொறியியல் பாஷையில் இதைத்தான் காற்றால் வரும் குறிப்பிழை என்பார்கள். தட்டு நோக்க வேண்டிய திசைக்கும் நோக்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம் அது.

ஒரு தட்டு எத்தனை துல்லியமாக நோக்க வேண்டும் என்பது இரண்டைப் பொறுத்தது: அலையின் நீளம், தட்டின் அகலம். அலை நீளத்தைத் தட்டின் அகலத்தால் வகுத்து 70ஆல் பெருக்கினால் அது பார்க்கும் கற்றையின் அகலம் ஏறத்தாழப் பாகையில் வந்துவிடும். மாடித் தட்டுக்கு அது ஒன்றரைப் பாகை. கோடத் தட்டு ஹைட்ரஜனின் 21 செ.மீ. அலையைக் கேட்கும்போது அதன் கற்றை அகலம் 24 கலை. பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கலை என்பது நம் பழைய வானநூல் வழக்கு. முழு நிலவின் அகலம் சுமார் 31 கலை. ஆக, அந்தத் தட்டு நிலவைவிடச் சிறிய ஒரு வட்டத்தைத்தான் ஒரு நேரத்தில் பார்க்கிறது.

அந்தத் தட்டுக்கு வகுத்த கணக்கு இது: காற்றின் வேகம் மணிக்கு 20 கி.மீ.க்குள் இருக்கும்வரை பிழை 1 கலை அளவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் சில கலைகள் போகலாம். 1 கலை என்றால் என்ன என்று கையால் அளந்து பார்ப்போம். தட்டின் ஆரம் 22.5 மீட்டர். அது 1 கலை சாய்ந்தால் விளிம்பு நகரும் தூரம் ஆறரை மில்லிமீட்டர். நம் சுண்டுவிரலின் அகலம்கூட இல்லை. ஏழெட்டு மாடிக் கட்டடம் உயரத்துக்கு நிற்கிற ஒரு இரும்புக் கூடை, திறந்த வெளியில், காற்றில், அந்த அளவுக்கு மேல் ஆடக் கூடாது.

ஆடினால் என்ன கெட்டுப்போகும்? கற்றையின் நடுவில் இருக்கும் பொருளைப் பார்க்கும்போது 3 கலை பிழை வந்தால் சமிக்ஞையில் 4 சதவீதம்தான் குறையும். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் கற்றையின் ஓரத்தில், பாதி வலுவில் தெரிகிற ஒரு விண்மீன் மண்டலத்துக்கு அதே 3 கலை பெரிய விஷயம். 50 சதவீதமாகத் தெரிய வேண்டியது ஒரு பக்கம் சாய்ந்தால் 34 ஆகும், மறு பக்கம் சாய்ந்தால் 68 ஆகும். முப்பது தட்டுகளும் ஆளுக்கொரு விதமாகச் சாய்ந்தால், அவற்றைச் சேர்த்து உருவாக்கும் படத்தில் இல்லாத கறைகள் முளைக்கும். மங்கலாகத் தெரிவதை ஆராய்பவருக்கு அந்தக் கறைதான் எதிரி.

கல்யாண், ஊட்டி, கோடத்

இந்தக் கதையின் நாயகர் கோவிந்த் ஸ்வரூப் (1929–2020). 1953ல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் சிட்னி அருகே பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் சூரியனைக் கேட்கும் சிறு தட்டு வரிசையில் வேலை பழகினார். கூடவே இருந்தவர் கொடைக்கானல் வானாய்வகத்திலிருந்து போன ஆர். பார்த்தசாரதி. பின்னால் அந்தத் தட்டுகள் ஆஸ்திரேலியாவுக்கு வேண்டாமல் போனபோது இந்தியாவுக்கு அன்பளிப்பாக வந்தன. 1961ல் வெளிநாட்டில் இருந்த நான்கு இந்தியர்கள், ஸ்வரூப், டி.கே. மேனன், எம்.ஆர். குண்டு, டி. கிருஷ்ணன், தாயகத்தில் ரேடியோ வானியல் தொடங்கலாம் என்று ஹோமி பாபாவுக்கு எழுதினார்கள். பாபா தாமதிக்கவில்லை. 1963ல் ஸ்வரூப் பம்பாய் வந்து சேர்ந்தார். 1965ல் அந்த 32 தட்டுகளும், ஒவ்வொன்றும் 6 அடி, நம் கல்யாணில் நிறுத்தப்பட்டன. தினமும் கல்யாண் லோக்கலில் தொங்கிக்கொண்டு போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

ஆறடித் தட்டுக்குக் காற்று ஒரு பிரச்சினையே அல்ல. அடுத்து வந்தது ஊட்டி. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பிரதிபலிப்பானைத் தட்டாகச் செய்ய முடியாது. நீளவாக்கில் பிளந்த மூங்கில் மாதிரிதான் செய்ய முடியும். முத்தோரையில் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அந்தச் சரிவின் சாய்வு அந்த ஊரின் அட்சரேகைக்குச் சமம், 11 பாகைக்குச் சற்று மேல். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. வானம் நகர நகர ஒரே அச்சில் சுழற்றினால் போதும். நிலத்தின் சாய்வையே இயந்திரத்தின் பாகமாக்கிய யோசனை அது. 24 வளைவுச் சட்டங்கள்மீது, மூன்றில் ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே தடித்த எஃகுக் கம்பிகள் 1,100 நீளவாக்கில் ஓடுகின்றன. தகடு கிடையாது. நீலகிரிக் காற்று கம்பிகளுக்கு இடையே புகுந்து போய்விடும். 1970ல் இயங்கத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கி பின்னால் பல வருடங்கள் சூரியக் காற்றை ஆராயப் பயன்பட்டது ஒரு வேடிக்கை. அந்தக் காற்று வேறு, இந்தக் காற்று வேறு.

கோடத் தொலைநோக்கியை யோசித்தபோது முதலில் ஊட்டி மாதிரியே நீள உருளைகள்தான் மனதில் இருந்தன. பிறகு 1980களின் நடுவில் அது சுழலும் தட்டுகளாக மாறியது. தட்டு என்றால் எல்லாத் திசையையும் நோக்க வேண்டும், மலைச்சரிவு உதவாது. கூடவே காற்றும் எல்லாத் திசையிலிருந்தும் வரும்.

வலையும் கயிறும்

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். வேகம் இரட்டித்தால் பாரம் நான்கு மடங்கு. மணிக்கு 40 கி.மீ. காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் ஏழரை கிலோ தள்ளும். 45 மீட்டர் தட்டின் பரப்பு ஏறக்குறைய 1,590 சதுர மீட்டர். தகடு போட்டு மூடியிருந்தால் அந்தக் காற்றிலேயே 12 டன். அந்தத் தட்டு தாங்கி நிற்க வேண்டும் என்று வகுத்த உச்ச வேகம் மணிக்கு 133 கி.மீ. அப்போது மூடிய தட்டின்மீது 130 டன்னுக்கு மேல் விழும். சுழலும் பாகத்தின் எடையே, எதிர்ப்பாரத்தையும் சேர்த்து, நூறு டன்னுக்குச் சற்று அதிகம்தான். அதாவது தன் எடையைவிடப் பெரிய ஒரு கை பக்கவாட்டில் தள்ளுவது போல. இதைத் தாங்க இரும்பைக் கூட்டினால் எடை ஏறும். எடை ஏறினால் மோட்டார், தாங்கி, கோபுரம், அஸ்திவாரம் எல்லாம் ஏறும். அப்படி முப்பது.

பிரிட்டனில் ஜோட்ரல் பேங்க் என்ற இடத்தில் 1957லிருந்து நிற்கிற 76 மீட்டர் தட்டு எஃகுத் தகடால் மூடியது. 1976 ஜனவரியில் மணிக்கு 90 மைல் அளவில் வீசிய புயல் அதைச் சாய்த்தே விட்டிருக்கும். தாங்கும் கோபுரங்கள் வளைந்தன, தாங்கி ஒன்று நழுவியது. பிறகு குறுக்குச் சட்டங்கள் வைத்துப் பலப்படுத்தினார்கள். குறிப்பிழை என்பது காற்று செய்கிற சின்னக் குறும்பு. பெரிய குறும்பு இதுதான்.

மாஹிம் கோலிவாடாப் பக்கம் போனால் மீன்வலை காய்வதைப் பார்க்கலாம். பக்கத்துக் கொடியில் போர்வை படபடவென்று அடித்துக்கொள்ளும்போது வலை லேசாக ஆடிக்கொண்டிருக்கும். காற்றுக்கு ஓட்டை ஓட்டைதான். ஆனால் ரேடியோ அலைக்கு, தன் நீளத்தைவிட மிகச் சிறிய ஓட்டை ஓட்டையே அல்ல. அது சுவர். மைக்ரோவேவ் அடுப்பின் கண்ணாடிக் கதவில் துளைத் தகடு இருப்பது இதனால்தான். உள்ளே வேகும் இட்லியைப் பார்க்கலாம், அலை வெளியே வராது.

கோடத் தட்டின் பரப்பு 0.55 மில்லிமீட்டர் தடிமனுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலை. நடுப்பகுதியில் கண் 10 மில்லிமீட்டர், அடுத்த வளையத்தில் 15, வெளிவளையத்தில் 20. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கம்பி அடைக்கிற பங்கு நடுவில் 11 சதவீதம், வெளியில் ஐந்தரை. மொத்தத்தில் ஏறக்குறைய 7 சதவீதம். பாக்கி 93 சதவீதம் காற்றின் வழி. காற்று அதிகமாக நெம்புவது விளிம்பில் என்பதால் அங்கேதான் கண் பெரிது. நடுவிலிருந்து விரியும் 16 குழாய்ச் சட்டங்கள், அவற்றுக்கு இடையே இழுத்துக் கட்டிய எஃகுக் கயிறுகள், அந்தக் கயிறுகளின்மீது இந்த வலை. நம் ஊர்க் கயிற்றுக் கட்டிலில் நான்கு கால், நான்கு சட்டம், மீதி எல்லாம் கயிற்றின் இழுவிசைதானே, அதே வித்தை. வளைந்த பரப்பு என்கிறோம், உண்மையில் அது சின்னச் சின்னத் தட்டைத் துண்டுகளின் தொகுப்பு. கயிற்றுச் சட்டங்களில் இழுத்துக் கட்டிய வலை என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘ஸ்மார்ட்’ என்று வரும். அப்படியே பெயர் வைத்தார்கள். கட்டமைப்பை வடிவமைக்க உதவியது மும்பையின் டாடா கன்சல்டிங் இன்ஜினியர்ஸ். 1991ல் கரண்ட் சயின்ஸ் இதழில் ஸ்வரூப்போடு எஸ். அனந்தகிருஷ்ணன், வி.கே. கபாஹி, சி.ஆர். சுப்ரமண்யா முதலானோர் இந்தத் தொலைநோக்கியை உலகுக்கு விளக்கி எழுதினார்கள். அனந்தகிருஷ்ணன் பின்னால் அதன் ஆய்வக இயக்குநராகவும் இருந்தார்.

இங்கே நம் தட்பவெப்பமும் கைகொடுத்தது. பனி விழும் நாட்டில் வலைக்கண்ணில் பனி அடைத்துக்கொண்டால் வலை சுவராகிவிடும், அப்போது 7 சதவீதம் என்ற கணக்கே பொய். ஜுன்னர் தாலுகாவில் அந்தக் கவலை இல்லை.

விலை இல்லாமல் கிடைத்ததா என்றால், இல்லை. வலை என்று முடிவு செய்த அன்றே உயர்ந்த அலைவரிசைகள் கதவுக்கு வெளியே நின்றுவிட்டன. 21 செ.மீ. அலையிலேயே 20 மில்லிமீட்டர் கண் வழியாகக் கொஞ்சம் ஒழுகும். அதற்குக் குட்டையான அலைகளுக்கு இந்தத் தட்டு ஏற்றதல்ல. 2010களில் கருவிகளை எல்லாம் புதுப்பித்தபோதும் மேல் எல்லை 1,450 மெகா ஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றது. அதே ஜுன்னர் தாலுகாவில் ஆர்வியில் 1971ல் இயங்கத் தொடங்கிய செயற்கைக்கோள் தொடர்பு நிலையத்தின் ஏறக்குறைய 30 மீட்டர் தட்டு சில செ.மீ. நீளமே உள்ள அலைகளுக்கானது. அதன் வேலை வேறு, அதற்கு வலை பொருந்தாது. கோடத்தில் வேண்டியது நீண்ட அலைகள். அதனால்தான் காற்றோடு சமரசம் பேச முடிந்தது.

ட்ராம்பே செய்த பாதி

வலை 93 சதவீதத்தை விட்டுவிட்டது, சரி. மீதியைப் பிடிப்பது யார்? குழாய்ச் சட்டங்களும் நான்கு கால் கூண்டும் எதிர்ப்பாரமும் காற்றை வாங்கத்தான் செய்கின்றன. தட்டைத் திருப்பி, நிறுத்தி, வானத்தின் சுழற்சிக்கு ஏற்ப நகர்த்திக்கொண்டே இருக்கும் சர்வோ அமைப்பை வடிவமைத்தவர்கள் ட்ராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் அணு உலைக் கட்டுப்பாட்டுப் பிரிவினர். அணு உலைக்காரருக்கு ஆன்டெனாவில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கனமான ஒன்றைச் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோய், சொன்ன இடத்திலேயே நிறுத்துவது இரண்டுக்கும் பொது.

முதல் தொல்லை பல்சக்கரம். எவ்வளவு நன்றாகக் கடைந்தாலும் பல்லுக்கும் பல்லுக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். பட்டறையில் ‘ப்ளே’ என்பார்கள். காற்று ஒருமுறை இப்படித் தள்ளி மறுமுறை அப்படி விட்டால், அந்த மயிரிழைக்குள் தட்டு லொடலொடவென்று ஆடும். மோட்டார் என்ன முயன்றாலும் பயனில்லை, ஏனென்றால் அந்த நொடியில் பல் பல்லைத் தொடவே இல்லை. இதற்கு மருந்து, ஒவ்வொரு அச்சுக்கும் ஒன்றுக்குப் பதில் இரண்டு மோட்டார். நிற்கும்போது இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் இரு பக்கமும் சமமாக இருந்தால் கயிறு தொய்யாது அல்லவா? அதுபோல இடைவெளி எப்போதும் ஒரு பக்கம் ஒதுங்கியே இருக்கும். பிரஷ் தேயும் அந்தக் காலத்து மோட்டார்களை மாற்றிப் பிரஷ் இல்லாதவற்றைப் பின்னாளில் வைத்தார்கள், தத்துவம் மாறவில்லை.

இரண்டாவது, எங்கே நோக்குகிறோம் என்று தெரிய வேண்டும். அச்சில் பொருத்திய கோணமானி ஒரு சுற்றை 1,31,072 பாகமாகப் பிரிக்கிறது, ஒரு பாகம் சுமார் 10 விகலை. கலையில் ஆறில் ஒன்று. சொன்ன கோணத்துக்கும் கோணமானி காட்டும் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து மோட்டாருக்கு விசை கூட்டிக் குறைக்கிறார்கள். ஒரே சீராக வீசும் காற்றை இது எளிதில் சமாளிக்கும். பிழை தீரும்வரை விசையைச் சேர்த்துக்கொண்டே போனால், கடைசியில் காற்றின் தள்ளலும் மோட்டாரின் தள்ளலும் சமமாகிவிடும்.

சுழன்றடிக்கும் காற்றுதான் வம்பு. அது வந்து போவதற்குள் பதில் சொல்ல வேண்டும். அப்படியானால் சர்வோவை இன்னும் வேகமாக்கலாமே என்று தோன்றும். முடியாது. ஊஞ்சலுக்கு ஒரு தாளம் இருப்பதுபோல இத்தனை பெரிய கட்டமைப்புக்கும் தானாக ஆடும் தாளம் ஒன்று உண்டு. மோட்டார் அந்தத் தாளத்தை நெருங்கித் தள்ளினால், காற்றைத் திருத்தப் போனவர்களே தட்டை உலுக்கிவிடுவார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. கோணமானி அச்சில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே சட்டம் காற்றில் வளைந்தால் அதற்குத் தெரியாது. “நான் சரியாகத்தான் இருக்கிறேன்” என்று அச்சு சாதிக்கும்போது விளிம்பு வேறெங்கோ நோக்கும். கண்ணுக்குத் தெரியாத பிழையை எந்த மோட்டாரும் திருத்த முடியாது. அதனால்தான் சொல்கிறேன், கோடத் தட்டில் பாதித் திருத்தம் மோட்டார் பொருத்துவதற்கு முன்பே, வலைக்கண்ணின் அளவை முடிவு செய்தபோதே நடந்துவிட்டது. மீதிப் பாதி ட்ராம்பேயின் சாமர்த்தியம். ஒன்று இல்லாமல் மற்றது நிற்காது.

அமெரிக்காவில் வேறு வழியில் போனார்கள், போக வேண்டியிருந்தது. தொலைதூர விண்கலங்களோடு பேசும் நாசாவின் 34 மீட்டர் தட்டுகள் 32 கிகா ஹெர்ட்ஸ் அலையில், அதாவது ஒரு செ.மீ.க்கும் குறைவான அலையில், வேலை செய்கின்றன. கற்றையின் முழு அகலமே சுமார் 1 கலை. நமக்குப் பிழையாக அனுமதிக்கப்பட்டது அவர்களுக்குப் பார்வை முழுவதும்! வலை அங்கே நடக்காது. ஆகவே வோடெக் கவ்ரோன்ஸ்கி முதலான பொறியாளர்கள் தட்டின் சொந்த ஆட்டத்தையே கணிதமாக எழுதிக் கட்டுப்பாட்டுக் கணினிக்குள் வைத்தார்கள். தட்டு அடுத்து எப்படி ஆடும் என்று அந்தக் கணிதம் முன்கூட்டியே ஊகிக்கும், மோட்டார் அதற்கேற்ப ஒத்துப்போகும். லோக்கல் ரயிலில் கதவோரம் நிற்கிற பழைய ஆள் எதையும் பிடிக்காமலே நிற்பாரே, வளைவு வருவதற்கு முன்பே உடம்பு சாய்ந்துவிடும், அந்த மாதிரி. இந்தியாவிலும் 2008ல் சந்திரயான்-1க்காக பெங்களூர் அருகே பயலாலுவில் எழுந்த 32 மீட்டர் தட்டு அந்தக் கட்சி. அதன் கற்றை 8 கிகா ஹெர்ட்ஸில் ஐந்து கலைக்கும் குறைவு. ஹைதராபாத் இ.சி.ஐ.எல்.லோடு சேர்ந்து அதில் வேலை செய்தவர்களும் ட்ராம்பேக்காரர்கள்தான். கோடத்தில் கை பழகிய வித்தை வீணாகவில்லை.

காற்று இன்னும் கேட்பது

முப்பது தட்டுகளில் 14 நடுவில் ஒரு சதுர கி.மீ. பரப்பில் நெருக்கமாக நிற்க, 16 மூன்று கைகளாக 25 கி.மீ. வரை பரந்து நிற்கின்றன. 2001 அக்டோபரில் ரத்தன் டாடா இதை உலக விஞ்ஞானிகளுக்கு அர்ப்பணித்தார். 2020ல் மின்பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ. இதை மைல்கற்களில் ஒன்றாகச் சேர்த்தது. 2016 அக்டோபர் 19 அன்று ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி கலம் செவ்வாயில் இறங்கும்போது அனுப்பிய மெல்லிய சமிக்ஞையைக் கேட்டுக்கொண்டிருந்தது கோடத். தரை தொடுவதற்குச் சற்று முன் குரல் நின்றதையும் கேட்டது. கலம் மோதி அழிந்தது பிறகுதான் உறுதியாயிற்று. அந்த அலைவரிசையில் கற்றையின் அகலம் ஒரு பாகைக்கு மேல். ஒரு கலை, இரண்டு கலை பிழையெல்லாம் பொருட்டே அல்ல. அலை நீளமாக இருந்தால் காற்றின் கை குட்டையாகிவிடும்.

காற்று மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டினால் பார்வையை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு 80 கி.மீ. வரை தட்டைத் திருப்ப மட்டும் செய்யலாம், எதையும் பார்க்க அல்ல. திருப்பி எங்கே வைப்பது? நேர் உச்சியை நோக்கி. நிமிர்த்திப் பிடித்த தாம்பாளத்தைக் காற்று பிடுங்கும், தரையில் வைத்த தாம்பாளத்தின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு காற்று அடங்கும்வரை காத்திருப்பதுதான். உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ நேரம் கேட்டு வாங்கிய ஆய்வாளருக்கு அந்த மணித்துளிகள் போனது போனதுதான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், முன் அனுமதி வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போயிருந்தேன். கல்யாண் தாண்டி மால்ஷேஜ் மலைப்பாதை வழியாகப் போனால் நாராயண்காவ், அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம். வாசலிலேயே செல்போனை அணைக்கச் சொல்லிவிட்டார்கள். 15 மீட்டர் கான்கிரீட் கோபுரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தட்டே தெரியவில்லை, வானம்தான் தெரிந்தது. சிலந்தி வலை மாதிரி வெயிலில் ஒரு மினுக்கம், அவ்வளவே. என் மகள், “அப்பா, இவ்ளோ ஓட்டையா இருக்கே, சிக்னல் ஒழுகிடாதா?” என்றாள். அடுப்பு, இட்லி, மீன்வலை எல்லாம் அப்போது அவளுக்குச் சொன்னதுதான்.

நாலு மணி இருக்கும், மேற்கே புழுதி எழும்பியது. சாலையோரத்து மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. எங்கோ உள்ளே ஒருவர் காற்றுமானியைப் பார்த்து முடிவு எடுத்திருக்க வேண்டும். சாய்வாக ஒரே திசையை நோக்கி நின்றிருந்த தட்டுகள் மெதுவாக நிமிரத் தொடங்கின. நிமிடத்துக்கு 20 பாகை என்பது கேட்க வேகம், பார்க்க நிதானம். மூன்று நிமிடத்தில் கண்ணுக்கு எட்டிய அத்தனையும் உச்சியைப் பார்த்து நின்றுவிட்டன. கூட வந்த ஊழியர், “அரை மணி, ஒரு மணி ஆகும். வாங்க, சாயா குடிக்கலாம்” என்று இந்தியில் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். காற்று வலைக்குள் புகுந்து போகிற சத்தம், தூரத்துக் கடல் மாதிரி, நாங்கள் கேன்டீன் போய்ச் சேரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.